படுத்த எட்டும் காலி வளையமும்

அப்பா ஸ்டூடியோவை மூடியபோது வீட்டுக்கு வந்து சேர்ந்தவை மூன்றே சாமான்கள். கொடைக்கானல் ஏரி வரைந்த பின்னணித் திரை, கால் உடைந்த ஒரு லைட் ஸ்டாண்டு, ஒரு பிஸ்கட் டின். திரையைப் பூச்சி அரித்தது. ஸ்டாண்டில் அம்மா துணி காயப்போட்டாள். டின்னை மட்டும் பல வருஷம் யாரும் தொடவில்லை. தொட்டால் சத்தம் வரும்.

உள்ளே இருந்தவை நிக்கான் கம்பெனியின் மூன்று நிக்கார் லென்ஸ்கள்: 28, 50, 105 மில்லிமீட்டர். மாத்திரை டப்பாக்களிலிருந்து சேர்த்த சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் சுற்றிலும் கிடந்தன. லென்ஸோடு வந்த தோல் உறைகளை அப்பா எப்போதோ தூக்கி எறிந்திருந்தார். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பூஞ்சை முதலில் உறையில் பிடித்து அப்புறம் லென்ஸுக்கு ஏறும் என்பது அவர் கணக்கு. கணக்கு தப்பவில்லை. மூன்றையும் டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒரு நூலிழைகூட இல்லை.

நான் செகண்ட் ஹேண்டில் ஒரு சோனி ஏ7 மார்க் 2 மிரர்லெஸ் கேமரா வாங்கியிருந்தேன். பாடிக்கே கையிருப்பு தீர்ந்துவிட்டது. சோனிக்கென்றே செய்த லென்ஸ்களுக்கு விலை கேட்டேன், கேட்டதோடு சரி. அப்போதுதான் டின் ஞாபகம் வந்தது.

"நிக்கான் லென்ஸு சோனியில எப்படிடா உட்காரும்?" என்றார் அப்பா.

"நடுவுல ஒரு வளையம் போடணும்ப்பா. அடாப்டர்."

"வளையத்துக்குள்ள கண்ணாடி உண்டா?"

"கிடையாது. காலிதான்."

"காலி வளையத்துக்கா ஆயிரத்து இருநூறு ரூவா?"

நியாயமான கேள்விதான். இந்த மிரர்லெஸ் விஷயத்தில் அவரோடு பேசுவதே தொல்லை. மிரர்லெஸ் என்றால் கண்ணாடி இல்லாத கேமரா என்று ஒருமுறை சொல்லப்போக, "கண்ணாடி இல்லாம படம் எப்படி விழும்?" என்று கேட்டுவிட்டார். நமக்கு லென்ஸும் கண்ணாடி, மிரரும் கண்ணாடி, மூக்கில் மாட்டுவதும் கண்ணாடி. அவருடைய நிக்கானைக் கழற்றி, உள்ளே சாய்ந்து நிற்கும் மிரரை விரலால் காட்டி, "இதுதான் இல்லை" என்ற பிறகுதான் தெளிந்தது.

அந்த மிரர்தான் எல்லாவற்றுக்கும் மூலம். பழைய எஸ்எல்ஆரில், அதாவது மிரர் வைத்த பிலிம் கேமராவில், லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே அது 45 டிகிரி சாய்ந்து நிற்கும். பட்டனை அமுக்கினால் மேலே எழும்பி வழிவிடும். எழும்ப இடம் வேண்டுமே, அதனால் லென்ஸைப் பிலிமிலிருந்து தள்ளியே வைக்க வேண்டியிருந்தது. லென்ஸ் வந்து பூட்டிக்கொள்ளும் இடம் மவுண்ட். மவுண்ட் தகட்டிலிருந்து பிலிம் வரைக்குமான, இப்போது சென்சார் வரைக்குமான, இந்தத் தூரத்துக்குப் பெயர் பிளேஞ்ச் தூரம். நிக்கான் 1959இல் எஃப் மவுண்டைக் கொண்டுவந்தபோது அதை 46.5 மில்லிமீட்டர் என்று வைத்தது. பின்னால் வந்த டிஎஸ்எல்ஆர் வரைக்கும் அதே 46.5தான். கேனான் இஎஃப் 44. பென்டாக்ஸ்காரர்களின் பழைய திருகு மவுண்ட், அதாவது எம்42, 45.46. மிரரை எடுத்துவிட்ட பிறகு இவ்வளவு தூரம் எதற்கு? சோனி இ மவுண்டில் அது 18 மில்லிமீட்டர், ஃபூஜி எக்ஸில் 17.7, கேனான் ஆர்எஃப்பில் 20, நிக்கான் இசட்டில் 16.

46.5இல் 18 போனால் 28.5. அந்த 28.5 மில்லிமீட்டர் காற்றுக்குத்தான் அப்பா காசு கொடுக்கத் தயங்கினார். வளையத்தின் வேலை லென்ஸைப் பழையபடி அதே தூரத்தில் நிறுத்திவைப்பது, அவ்வளவுதான். லென்ஸுக்குத் தான் இன்னும் 1980இல் இருப்பதாக நினைப்பு.

இது ஒருவழிப் பாதை. நீளப் பிளேஞ்ச் லென்ஸைக் குட்டைப் பிளேஞ்ச் பாடியில் மாட்டலாம், மாற்றி மாட்ட முடியாது. 1987இல் கேனான் தன் பழைய எஃப்டி மவுண்டைக் கைவிட்டு இஎஃப்புக்குப் போனபோது, எஃப்டி வைத்திருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றது இதனால்தான். எஃப்டி 42, இஎஃப் 44. இரண்டு மில்லிமீட்டர் பள்ளத்துக்குள் எந்த வளையத்தைப் போடுவது? நடுவில் ஒரு லென்ஸ் வைத்த அடாப்டர் போட்டால்தான் தூரத்துக் காட்சி கிடைக்கும், படமும் கெடும். இருபது வருஷத்துக்கு மேல் அலமாரியில் கிடந்த அந்த எஃப்டி லென்ஸ்களெல்லாம் இன்று அநேகமாக எந்த மிரர்லெஸ்ஸிலும் ஒரு காலி வளையத்தோடு உட்கார்ந்துவிடுகின்றன.

சரி, நம் கதைக்கு வருகிறேன்.

பள்ளத்தூரில் ஒரு வீடு. ஆச்சி ஒருத்தரும், கூடமாட ஒத்தாசைக்கு ஒரு அம்மாவும்தான் இருக்கிறார்கள். பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். வீட்டை இன்னும் எத்தனை நாள் வைத்திருக்க முடியுமோ, அதற்குள் முழுசாகப் படம் எடுத்து ஒரு ஆல்பம் போட்டுவிட வேண்டும் என்று சிங்கப்பூர்ப் பேரன் கேட்டிருந்தார். அப்பாவின் 28ஐ மாட்டிக்கொண்டு போனேன்.

செட்டிநாட்டு வீட்டுக்குள் போனவர்களுக்குத் தெரியும்: இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடுகள். முகப்பில் நின்றால் நிலைக்குப் பின் நிலையாக வாசல்கள் ஒரே நேர்கோட்டில். முற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிக் கடைசியில் தோட்டவாசல் ஒரு தீப்பெட்டி அளவுக்கு வெளிச்சமாகத் தெரியும். நடந்து பார்த்தேன், அந்த வீட்டில் அது நாற்பது மீட்டருக்கு மேல். ஆல்பத்தின் முதல் படம் இதுதான் என்று மனசுக்குள் தீர்மானித்துவிட்டேன். வளவுக்குள் வெளிச்சம் குறைவு, லென்ஸின் துவாரத்தை எஃப்2.8இல் முழுக்கத் திறந்து வைத்தேன். லென்ஸின் ஃபோகஸ் வளையத்தை முழுக்கத் திருப்பி, அப்பா "படுத்த எட்டு" என்று சொல்லும் அந்த முடிவிலிக் குறியில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

முதல் நிலை ஊசிபோல் இருந்தது. வளவுத் தூண்கள் பரவாயில்லை. அதற்கு அப்பால் எல்லாம் பால் கலந்த மாதிரி. தோட்டவாசல் பக்கம் சாத்தி வைத்திருந்த சைக்கிளுக்கு ஆரங்களே இல்லை.

முதலில் என் கண்ணைச் சந்தேகப்பட்டேன். அப்புறம் லென்ஸை. அப்பாவின் லென்ஸைச் சந்தேகப்பட்டதை அவரிடம் சொல்லவில்லை. 50ஐ மாட்டினால் கிட்டத்தட்டச் சரியாக இருந்தது. 105இல் ஒரு குறையும் இல்லை. 28இலேயே எஃப்8க்குச் சுருக்கினால் குறை காணாமல் போய்விடுகிறது. இதுதான் குழப்பியது. லென்ஸ் கெட்டிருந்தால் எஃப்8இல் இவ்வளவு சுத்தமாக வராதே.

வீட்டுக்கு வந்து ஒரு தாளில் கணக்குப் போட்டேன். அடாப்டர் இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் தடிப்பாக இருந்தால், லென்ஸ் முழுக்கத் திருப்பிய நிலையிலும் எட்டாத் தொலைவைப் பிடிக்காது. ஒரு குறிப்பிட்ட தூரத்தோடு நின்றுவிடும். அந்தத் தூரத்தைக் கண்டுபிடிக்க, லென்ஸின் குவியத்தூரத்தை அதே எண்ணால் பெருக்கி, தடிப்புப் பிழையால் வகுத்தால் போதும். பிழை 0.1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நாம் வழக்கமாகப் பிரிண்ட் எடுக்கும் ஏ4 தாள் ஒன்றின் கனம்தான் அது. 105க்கு: 105ஐ 105ஆல் பெருக்கி 0.1ஆல் வகுத்தால் 110 மீட்டர். ஆள் படம் எடுக்கிறவனுக்கு இது போதும், வாழ்நாள் முழுக்கத் தெரியாமலே போகும். 50க்கு 25 மீட்டர். 28க்கு? 28 பெருக்கல் 28, 784. 0.1ஆல் வகுத்தால் 7,840 மில்லிமீட்டர்.

எட்டு மீட்டர்! ஒரு தாள் கனத்துக்குப் படுத்த எட்டு எழுந்து உட்கார்ந்து, நிஜ எட்டாகிவிட்டது.

காரைக்குடியில் எனக்குத் தெரிந்த ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். மோட்டார் ஷாஃப்ட், போர் பம்பு சாமான் என்று கிடக்கிற இடம். அண்ணன் வெர்னியரை வைத்துச் சுற்றிச் சுற்றி அளந்தார். ஒரு பக்கம் 28.6, எதிர்ப்பக்கம் 28.66. "தம்பி, இது தடிப்பும் கூட, கோணலும் கூட. எவன்கிட்ட வாங்குன?" என்றார். வாங்கின இடத்தில் திருப்பி எடுத்துக்கொள்ளும் நாள் கடந்துவிட்டது என்றேன். மவுண்ட் தகட்டின் நான்கு திருகுகளையும் கழற்றி, அலுமினிய உருளையை மட்டும் சக்கில் பிடித்து, டயல் வைத்து நேராக்கி, முகத்தை மூன்று தடவை மயிரிழை மயிரிழையாகச் சீவினார். மறுபடி மாட்டி அளந்தால் எல்லாப் பக்கமும் 28.48. கூலி நூறு ரூபாய். "காலி வளையத்துக்கு இவ்வளவு பாடா?" என்று அவரும் கேட்டார்.

28.5 என்று சொன்னவன் 28.48இல் ஏன் நிறுத்தச் சொன்னேன் என்றால், கொஞ்சம் மெலிவாக இருப்பது பாதுகாப்பு. மெலிந்தால் முடிவிலி, குறி வருவதற்குச் சற்று முன்னாலேயே வந்துவிடும், வராமல் போகாது. அடாப்டர் செய்கிறவர்கள் பலரும் வேண்டுமென்றே மெலிவாக விடுவதும் இதனால்தான். அதற்கும் விலை உண்டு. லென்ஸ் மேல் எழுதியிருக்கும் மீட்டர் கணக்கு பொய்யாகிவிடும், தூரத்தை மதிப்பிட்டுச் சுடுகிறவர்கள் ஏமாறுவார்கள். அப்பாவின் 28 போல, கிட்டத்தில் ஃபோகஸ் செய்யும்போது உள்ளே லென்ஸ் தொகுதிகள் தனித்தனியாக நகரும் வகை என்றால் ஓரங்களும் கெடலாம். ரொம்ப மெலிந்துவிட்டால் தகட்டுக்கு அடியில் செல்லோடேப் ஒட்டிச் சரிக்கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், தப்பில்லை. தடித்துப்போனால்தான் லேத்.

கோணல் விஷயம் இன்னும் சுவாரசியம். அதைக் கண்டுபிடிக்கப் பட்டறைக்கே போயிருக்க வேண்டாம் என்று பின்னால்தான் தெரிந்தது. தரையில் ஆத்தங்குடி ஓடு பாவிய வீட்டை விடப் பெரிய டெஸ்ட் சார்ட் எங்கே கிடைக்கும்? கேமராவைத் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், ஓட்டு வரிசைக்கு நேராக வைத்து, லென்ஸின் துவாரத்தைக் கடைசிவரை திறந்து, நடுவில் ஐந்தாறு ஓடு தள்ளி ஒரு பூவைப் பிடித்து ஃபோகஸ் செய்யுங்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கூர்மையான பட்டை ஒன்று தரையில் இடமிருந்து வலமாகப் போகும். அடாப்டர் நேராக இருந்தால் அந்தப் பட்டை ஓட்டு வரிசையோடு ஒட்டியே போகும். கோணலாக இருந்தால் இடப்பக்கம் நான்காவது ஓட்டில் தொடங்கி வலப்பக்கம் ஏழாவது ஓட்டில் முடியும். பழைய அடாப்டரில் எடுத்த படங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். கோணல் அத்தனையிலும் அப்பட்டமாக இருக்கிறது. நான்தான் பூவைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஓடுகள் கண்ணாடிப் பலகை மேல் சாயத்தை ஊற்றிக் கையால் செய்வது என்றாலும், பாவிய கொத்தனார் கை நேர். அடாப்டர் செய்த மெஷின்தான் கோணல்.

மூன்றாவது தொல்லை முற்றத்து வெளிச்சம். வளவின் நிழலில் நின்று முற்றத்தைப் பார்த்து எடுத்தால் படம் முழுக்க ஒரு புகைத்திரை விழுந்தது. பழைய லென்ஸின் பூச்சு அப்படித்தான், அது ஒரு "கேரக்டர்" என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே எரிச்சல். லென்ஸைக் கழற்றி வளையத்துக்குள் எட்டிப் பார்த்தேன். உள்சுவர் கறுப்புதான், ஆனால் பளபள. லென்ஸ் அனுப்பும் வெளிச்சம் சென்சாரின் அளவைவிட அகலமாக வருகிறது. மிச்சம் இந்தப் பளபளப்பில் பட்டுத் தெறித்துச் சென்சாரில் விழுகிறது. காரைக்குடியில் ஒரு ஸ்டேஷனரிக் கடையில் கறுப்பு வெல்வெட் ஸ்டிக்கர் ஒரு ஷீட் வாங்கி, பட்டையாக வெட்டி உள்சுவரில் சுற்றி ஒட்டினேன். அதே இடம், அதே நேரம், மறுநாள் எடுத்தால் புகையில் பாதிக்கு மேல் போய்விட்டது. கேரக்டர் என்று நினைத்தது அடாப்டரின் பெயிண்ட். ஒட்டும்போது நுனி தளர்ந்து ஷட்டர் பக்கம் தொங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அது மட்டும் ஜாக்கிரதை.

மோகம் யாரை விட்டது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. எனாமல் தூக்குகள், பர்மா அரக்குச் சம்புடங்கள், கழற்றி வந்த தேக்கு நிலைகள். அவற்றுக்கு நடுவே ஒரு நாள் அழுக்குப் பென்டாக்ஸ் ஒன்று கிடந்தது. கேமரா செத்துவிட்டது. மூக்கில் சூப்பர் டக்குமார் 50 எஃப்1.4 லென்ஸ். வாங்கி வந்து வெள்ளைத் தாள் மேல் பிடித்தால் உள்ளே கண்ணாடி டீத்தண்ணி நிறம்.

அழுக்கில்லை அது. அந்தக் காலத்தில் சில லென்ஸ்களின் கண்ணாடியில் தோரியம் ஆக்சைடு கலந்தார்கள். ஒளியை நன்றாக வளைக்கும், நிறத்தைச் சிதறவிடாது. தோரியம் கதிரியக்கம் உள்ள பொருள்; பல வருஷக் கதிர் வீச்சில் கண்ணாடியே மஞ்சளித்துப்போகும். தெளிய வைக்கப் புற ஊதாக் கதிர் போதும், அதாவது நல்ல வெயில் போதும். செட்டிநாட்டில் நமக்கு வெயிலுக்கா பஞ்சம்!

என் வீட்டு மாடியில் குரங்குத் தொல்லை. ஆச்சியிடம் கேட்டேன். கம்பி வலை போட்ட முற்றம், காக்கைகூட வராது. பின்பக்கம் அலுமினியத் தாளைச் சுற்றி மூடி, முன்பக்கம் மேலே பார்க்கும்படி ஒரு தாம்பாளத்தில் வைத்தேன். பின்னால் மூடாமல் விட்டால் பூதக்கண்ணாடி வேலை பார்க்கும், அடியில் இருப்பது பொசுங்கிவிடும். தாள் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால் கண்ணாடிக்கு இரட்டை வெயில். பக்கத்தில் பாயில் மோர்மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது.

"என்ன தம்பி, எதைக் காயப்போடுறிய?"

"கண்ணாடி மஞ்சளாயிருக்கு ஆச்சி. வெயில்ல வச்சா வெளுக்கும்."

"உப்புப் போட்டியளா?" என்றார் முகத்தில் ஒரு சிரிப்பில்லாமல்.

பதினெட்டு நாள். காலையில் வைத்து, பதினொரு மணிக்கு மேல் எடுத்து உள்ளே வைத்துவிடச் சொல்லியிருந்தேன், சூட்டில் மசகு உருகித் துவாரத்தைச் சுருக்கும் இதழ்களில் இறங்கிவிடக் கூடாதே என்று. கூடமாட இருக்கும் அந்த அம்மா மிளகாயோடு சேர்த்தே அதையும் எடுத்து வைத்தார். டீத்தண்ணி முதலில் எலுமிச்சைச் சாறானது, அப்புறம் தண்ணீர். எம்42க்கும் சோனிக்கும் நடுவே வளையம் 27.46 மில்லிமீட்டர், இந்தத் தடவை வாங்கியதுமே வெர்னியரில் அளந்தேன்.

இவ்வளவு நேரம் பேசியதெல்லாம் காலி வளையங்களைப் பற்றி. மின்சாரம் ஓடும் வளையங்கள் வேறு ஜாதி. கேனான் இஎஃப் லென்ஸில் துவாரத்தைச் சுருக்கும் வளையமே கிடையாது. மின்சாரம் கொடுத்துச் சொன்னால்தான் சுருங்கும். காலி வளையத்தில் மாட்டினால் முழுக்கத் திறந்தபடியே நிற்கும். அதனால் உள்ளே சிப் வைத்த அடாப்டர் வேண்டும். அது ஒரு துபாஷி: சோனி சொல்வதைக் கேனானுக்கும் கேனான் சொல்வதைச் சோனிக்கும் மாற்றிச் சொல்ல வேண்டும். சோனி தன் மவுண்டின் அடிப்படை விவரங்களை 2011இல் மற்ற லென்ஸ் கம்பெனிகளுக்குத் திறந்துவிட்டது. கேனான் தன் பாஷையை ஊருக்குச் சொல்லித்தரவில்லை. மற்றவர்கள் ஒட்டுக்கேட்டுக் கற்றுக்கொண்டதுதான். துபாஷி கெட்டிக்காரனாகவே இருந்தாலும் சில நேரம் முழிப்பான்.

என் சித்தப்பா மகன் தேவகோட்டையில் கல்யாணப் படம் எடுக்கிறான். கேனான் லென்ஸ்கள் நான்கு வைத்திருந்தான், வீடியோவுக்காகச் சோனி பாடிக்கு மாறினான், நடுவில் ஒரு சிப் அடாப்டர். ஒரு நகரத்தார் கல்யாணம், வீட்டிலேயே. காலையிலிருந்து நன்றாக ஓடியிருக்கிறது. திருப்பூட்டுகிற, அதாவது தாலி கட்டுகிற நேரம். மாப்பிள்ளை கழுத்துருவை எடுக்கிறார், சங்கு ஊதுகிறார்கள், சுற்றிலும் ஆள் நெருக்கம், ஃபோகஸ் முன்னாலும் பின்னாலும் அலைந்து அப்படியே உறைந்துவிட்டது. அணைத்துப் போட்டு மறுபடி உயிர் வருவதற்குள் பூட்டியாயிற்று. அவனிடம் இருப்பது பின்னால் நின்ற தூணின் மிகக் கூர்மையான படம். நல்லவேளை, இரண்டாவது கேமராக்காரப் பையன் எடுத்திருந்தான். "அண்ணே, இனிமே சொந்தக்காரன் கூட மட்டும்தான் சம்பந்தம்" என்றான்.

அவன் சொன்னதில் விஷயம் இருக்கிறது. கேனான் தானே செய்கிற அடாப்டரில் இஎஃப் லென்ஸைத் தன் ஆர் கேமராவில் மாட்டினால் துபாஷியே தேவையில்லை, இருவருக்கும் ஒரே பாஷை, வேகம் குறைவதில்லை. நிக்கானின் சொந்த அடாப்டரான எஃப்டிஇசட் 2018இல் இசட் கேமராக்களோடு வந்தது. அதில், உள்ளேயே மோட்டார் வைத்த ஏஎஃப்-எஸ் லென்ஸ்களுக்கு ஆட்டோஃபோகஸ் உண்டு. பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களுக்குக் கிடையாது. அந்த லென்ஸுக்குள் மோட்டார் இல்லை. பழைய பாடியிலிருந்து ஒரு திருகாணி வந்து சுற்றவேண்டும், எஃப்டிஇசட்டில் அந்தத் திருகாணியை வைக்கவில்லை. நம் பக்கத்து ஸ்டூடியோக்களில் 85 எஃப்1.8டி வைத்திருக்கிறவர்கள் இசட்டுக்கு மாறுமுன் இதை யோசித்துக்கொள்ளுங்கள். சோனி லென்ஸை நிக்கான் இசட்டில் மாட்டும் அடாப்டரும் வந்திருக்கிறது. 18இல் 16 போனால் இரண்டே மில்லிமீட்டர். அந்த இரண்டுக்குள் மவுண்ட், சிப், காண்டாக்ட் எல்லாம் அடைத்திருக்கிறார்கள். பிரமிக்கலாம். கல்யாணத்துக்கு எடுத்துப்போக நான் துணியமாட்டேன்.

புதிதாகக் காலி வளையம் மாட்டுகிறவர்கள் முதல் நாள் பயப்படுவது, பட்டனை அமுக்கினால் கேமரா சும்மா இருப்பதற்குத்தான். லென்ஸே இல்லை என்று அது நினைக்கிறது; லென்ஸ் இல்லாமலும் சுடலாம் என்று மெனுவில் அனுமதி கொடுக்க வேண்டும். அப்படியே குலுக்கல் தடுக்கும் வசதிக்கு எத்தனை எம்எம் லென்ஸ் என்று கையால் சொல்லுங்கள். 28ஐ மாட்டிவிட்டு 105 என்று விட்டுவைத்தால் சென்சார் தேவைக்கு மேல் ஆடிப் படத்தைக் கெடுக்கும், நான் ஒரு முழுக் காலைப்பொழுதை இப்படி இழந்தேன். ஓரங்களுக்கு நிறம் பூசிக் காட்டும் பீக்கிங்கை ரொம்ப நம்பவேண்டாம். எஃப்8இல் அது சொல்வது சரியாக இருக்கும், எஃப்2இல் மூக்கையும் காதையும் சேர்த்தே கூர்மை என்று சொல்லும். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் வசதியை ஒரு பட்டனில் வைத்துக்கொண்டு கண்ணிமையைப் பார்த்து ஃபோகஸ் செய்வதுதான் என் வழி. அப்பாவுக்கு இதைக் காட்டியபோது மட்டும் அவர் கொஞ்சம் ஆடிப்போனார். "இது அப்ப இருந்திருந்தா எத்தனை ரோல் மிச்சமாயிருக்கும்" என்றார்.

ஆல்பத்துக்குக் கடைசி நாள். முகப்பிலிருந்து தோட்டவாசல் வரைக்கும், 28, எஃப்2.8. சைக்கிளுக்கு ஆரங்கள் வந்துவிட்டன. பைக்குள் லென்ஸைப் போடும்போது ஆச்சி பக்கத்தில் வந்து நின்றார். வளவின் சுவரில் அவரும் செட்டியாரும் தேக்குத் தூணருகே நிற்கும் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. செட்டியார் மலேசியாவுக்குப் போகுமுன் எடுத்தது. நான் முதல் நாளே கவனித்திருந்தேன். சட்டத்தின் கீழ்மூலையில் அப்பாவுடைய ஸ்டூடியோவின் ரப்பர் ஸ்டாம்பு.

"இதை எடுத்தது உங்க அப்பாதானே?"

"ஆமா ஆச்சி. எந்த லென்ஸ்னு கேட்டேன். இதுதானாம்." 105ஐ எடுத்துக் காட்டினேன்.

வாங்கித் திருப்பிப் பார்த்தார். கனமாக இருக்கிறது என்றார். வளையத்தைச் சுற்றிப் பார்த்தார். அப்பாவின் வலது கட்டைவிரல் படும் இடத்தில் கறுப்புப் பூச்சு போய்ப் பித்தளை தெரியும், அங்கே தடவினார்.

"அப்ப ஓடுமா இன்னும்?"

"ஓடும். அந்தத் தூண்கிட்டயே நில்லுங்க, ஒண்ணு எடுக்கிறேன்."

வளையத்தை மாட்டி, லென்ஸை மாட்டி, கேமராவில் 105 என்று சொல்லி, எஃப்2.5இல் திறந்தேன். ஆச்சி தூணில் கை வைத்து நின்றார். முற்றத்து வெளிச்சம் ஒரு கன்னத்தில். பெரிதாக்கும் பட்டனை அமுக்கிக் கண்ணிமையைத் தேடிக்கொண்டிருந்தேன். சரியாக வந்து பிடிபடுகிற நேரத்தில் ஆச்சி ஃப்ரேமை விட்டு வெளியே நடந்துவிட்டார்.

"இருங்க தம்பி. பல்லை மாட்டிக்கிட்டு வாரேன்."